நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

நாட்பட்ட நுரையீரல் நோயுடன் வரும் குழந்தையின் ஓபி சீட்டில் எடை தவறாமல் எழுதப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் அது மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்காகவே எழுதப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் எத்தனை மில்லி என்று முடிவானதும் அந்த எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. போன முறை எவ்வளவு இருந்தது, இடைப்பட்ட மாதங்களில் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இக்குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. "நெஞ்சு வியாதி இருக்கிற பிள்ளை, ஒல்லியாகத்தான் இருக்கும்" என்ற சமாதானம் இரண்டாவது காரணம். ஆக்சிஜன் அளவு 96இலிருந்து 91க்கு இறங்கினால் எவ்வளவு பதறுவோமோ, அதே கவனத்தை எடைக்கோடு இறங்கும்போதும் காட்ட வேண்டும். அதற்கான வழிமுறையைக் குழந்தைகள் நலப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்கள், இளம் மருத்துவர்கள், டயட்டீஷியன்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெற்றோரும் இதில் பெரும்பகுதியைப் பின்பற்றலாம்.

இங்கே நாட்பட்ட நுரையீரல் நோய் என்று குறிப்பிடுவது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும் நோய்களை. குறைமாதத்தில் பிறந்து பல வாரங்கள் ஆக்சிஜனிலோ வென்டிலேட்டரிலோ இருந்த குழந்தைகளுக்கு ஏற்படும் பிபிடி, மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டேசிஸ், பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், கடுமையான வைரஸ் தொற்றுக்குப் பின் சிறு மூச்சுக்குழாய்கள் அடைபட்டுப்போகும் நிலை, அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும் கடும் ஆஸ்துமா ஆகியவை இதில் அடங்கும். எப்போதாவது இன்ஹேலர் எடுத்துக்கொண்டு மற்ற நாட்களில் ஓடியாடும் லேசான ஆஸ்துமாக் குழந்தைக்கு இவ்வளவும் தேவையில்லை.

இக்குழந்தைகளின் எடை குறைவதற்குப் பல வழிகள் ஒரே சமயத்தில் திறந்திருக்கின்றன. மூச்சு விடுவதற்கே கூடுதல் உழைப்பு தேவைப்படுவதால் உடல் செலவிடும் ஆற்றல் அதிகம். திரும்பத் திரும்ப வரும் தொற்றும் தொடர் அழற்சியும் பசியைக் கெடுத்துத் தசையைக் கரைக்கின்றன. மூச்சிரைப்பால் பாதிச் சாப்பாட்டிலேயே குழந்தை களைத்துவிடுகிறது. சாப்பிட்டதையும் இருமி இருமி வாந்தியாக எடுத்துவிடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் இவற்றோடு கணையத்தின் செரிமான நொதிகளும் குடலுக்கு வந்து சேராததால் உண்ட கொழுப்பு மலத்தோடு போய்விடுகிறது. மறுபக்கம், ஊட்டம் குறைந்தால் மூச்சுத் தசைகள் மெலிந்து இருமலின் வலு குறைகிறது, சளி தேங்குகிறது, அடுத்த தொற்று எளிதாக வருகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இன்னொன்றும் உண்டு: நுரையீரலின் காற்றறைகள் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் புதிதாக உருவாகிக்கொண்டிருப்பதால், அந்த வயதில் கிடைக்காத ஊட்டம் நுரையீரல் வளர்ச்சியையே பாதிக்கும்.

அளவெடுப்பது

அளவு தவறினால் அதன் பிறகு போடும் எல்லாக் கணக்கும் தவறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே மெஷினில், கூடுமானவரை ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு 10 கிராம் துல்லியமும் பெரிய குழந்தைகளுக்கு 100 கிராம் துல்லியமும் உள்ள டிஜிட்டல் மெஷின் தேவை. எடை தெரிந்த ஒரு எடைக்கல்லை வாரம் ஒருமுறை வைத்துப் பார்த்து, அது காட்டும் எண்ணை மெஷினின் அருகிலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். கைக்குழந்தையை டயப்பர்கூட இல்லாமல் நிறுக்க வேண்டும். ஈரமான ஒரு டயப்பர் ஒரு வாரத்து எடைக்கூடுதலை விழுங்கிவிடவோ போலியாகக் காட்டிவிடவோ போதும். பெரிய குழந்தையின் காலணி, ஸ்வெட்டர், பெல்ட், பையில் இருக்கும் இன்ஹேலர் ஆகியவற்றைக் கழற்றியும் எடுத்தும் வைத்துவிட வேண்டும். கனமான வெள்ளிக் கொலுசையும் காப்பையும் கழற்ற வீட்டார் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். "கொலுசுடன்" என்று சீட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் கொலுசுடனேயே நிறுத்தால் ஒப்பீடு கெடாது. வீட்டு ஆக்சிஜனில் இருக்கும் குழந்தையை ஆக்சிஜனை நிறுத்திவிட்டு நிறுக்கக் கூடாது. குழாயைத் தூக்கிப் பிடித்து, அதன் பாரம் மெஷினில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2 வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் பார்க்க வேண்டும். 2 வயது நிறைந்ததும் நிற்கவைத்து உயரம் பார்க்க வேண்டும். நிற்க முடியாத பெரிய குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால், கிடைத்த எண்ணிலிருந்து 0.7 செ.மீ. கழிக்க வேண்டும். நீளம் பார்க்க இரண்டு பேர் கட்டாயம்: ஒருவர் தலைப்பலகையில் குழந்தையின் உச்சி படும்படி பிடிக்க, மற்றவர் முழங்கால்களை மெல்ல அழுத்தி நீட்டிப் பாதப்பலகையை நகர்த்த வேண்டும். தனியாளாகக் கட்டிலில் டேப் வைத்து அளந்த நீளத்தை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உயரம் பார்க்கும்போது குதிகால், பின்புறம், தோள்பட்டை ஆகியவை சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க வேண்டும். பெண் குழந்தைகளின் கொண்டையையும் உச்சியில் போட்ட கிளிப்பையும் முதலில் அவிழ்க்கச் சொல்லுங்கள். முதுகெலும்பு வளைந்த குழந்தைகளுக்கு நின்ற உயரம் ஏமாற்றும் என்பதால், முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலான முன்கை எலும்பின் நீளத்தைத் தொடர்ந்து பதிவு செய்வது மாற்று வழி.

மூன்றாவதாக மேற்கையின் நடுச்சுற்றளவு. நேரமில்லாத ஓபியில் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நுரையீரல் நோயுள்ள குழந்தைகளுக்கோ மூன்றிலும் அதிகம் உண்மை பேசுவது இதுவாகவே இருக்கக்கூடும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து காலில் நீர் கோத்திருக்கும் குழந்தையின் எடை கூடியதுபோலத் தெரியும். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தையின் முகம் உப்பியிருக்கும். காற்று சிக்கி விரிந்த மார்பு உருண்டு திரண்டிருப்பதால் சட்டை போட்ட குழந்தை நன்றாக இருப்பதாகவே தோன்றும். கையோ அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. இடது முழங்கையை மடக்கச் சொல்லித் தோள்முனை எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் குறியிட்டு, பிறகு கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, அந்தக் குறியில் டேப் சதையை அழுத்தாமலும் இடைவெளி விடாமலும் சுற்ற வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரை 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் கடும் குறைபாடு; 11.5க்கும் 12.5க்கும் இடையில் இருந்தால் மிதமான குறைபாடு. அங்கன்வாடிகளில் பயன்படும் வண்ணப்பட்டையின் சிவப்பும் மஞ்சளும் குறிப்பது இவற்றைத்தான். 5 வயதுக்கு மேல் அதே குழந்தையின் முந்தைய அளவோடு ஒப்பிட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே நடைமுறையில் பயன் தரும்.

அளவெடுத்து முடித்ததும் சட்டையையும் கால்சட்டையையும் சற்று விலக்கித் தோள், தொடை, பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். பின்புறத்துச் சதை வற்றித் தோல் மடிந்து தொங்குகிறதா? இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் 3 நொடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? நின்றால் அது கடும் புரதக் குறைபாடாகவும் இருக்கலாம், இதயத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். எதுவாயினும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது.

வரைபடத்தில் குறிப்பது

5 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடங்களையும், அதற்கு மேல் அந்நிறுவனத்தின் 2007 வரைபடங்களையோ இந்திய குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடங்களையோ பயன்படுத்தலாம். எதைத் தேர்ந்தாலும் அதையே தொடர வேண்டும். இந்த ஓபியில் ஒன்று, அடுத்த ஓபியில் இன்னொன்று என்று மாறினால் குழந்தை மாறாமலேயே கோடு மாறிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு, எதிர்பார்த்த பிரசவத் தேதியைத் தாண்டிச் சுமார் 10 வாரம் வரை ஃபென்டன் வரைபடம் உதவும். அதன் பிறகு 2 வயது வரை திருத்திய வயதைக் (பிறந்ததிலிருந்து ஆன வயதில், முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்தது) கொண்டே உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

வயதைத் திருத்த மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 28 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு இன்று 6 மாதம், எடை 5.2 கிலோ. 6 மாதக் கட்டத்தில் குறித்தால் 5.7 கிலோ என்ற மைனஸ் 3 கோட்டுக்கும் (இக்கோடுகளின் விளக்கம் அடுத்த பத்தியில்) கீழே விழுந்து, கடும் குறைபாடு என்று எழுத நேரிடும். இக்குழந்தை 12 வாரம் முன்னதாகப் பிறந்ததால் திருத்திய வயது சுமார் 3 மாதம். அந்த வயதில் மைனஸ் 2 கோடு 5.0 கிலோ, மைனஸ் 1 கோடு 5.7 கிலோ. ஆக, குழந்தை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. கவலை நீங்கிவிடவில்லை, ஆனால் அவசர நிலை இல்லை. இனி நாள் ஒன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுகிறதா என்பதே கேள்வி.

மேலே சொன்ன கோடுகள் இசட் ஸ்கோர் கோடுகள். அதே வயதும் பாலினமும் உள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் நடு அளவு 0. அதிலிருந்து கீழே செல்லச் செல்ல மைனஸ் 1, மைனஸ் 2, மைனஸ் 3. 5 வயது வரை உயரத்துக்கேற்ற எடையும், அதற்கு மேல் வயதுக்கேற்ற பிஎம்ஐயும் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) மெலிவைக் காட்டும். வயதுக்கேற்ற உயரம் நீண்டகாலக் குறைபாட்டைக் காட்டும். மைனஸ் 2க்குக் கீழ் போனால்தான் குறைபாடு என்பது சமுதாய அளவிலான கணக்கெடுப்புக்குப் பொருந்தும் வரையறை. நோயுள்ள குழந்தைக்கு அதுவரை காத்திருப்பது தாமதம். 2014இல் அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட வரையறையில் மைனஸ் 1 முதல் மைனஸ் 1.9 வரை லேசான குறைபாடு, மைனஸ் 2 முதல் மைனஸ் 2.9 வரை மிதமானது, மைனஸ் 3ம் அதற்குக் கீழும் கடுமையானது என்று பிரித்து, ஒரு குழந்தையின் இசட் ஸ்கோர் தன் பழைய நிலையிலிருந்து ஒரு முழு எண் அளவுக்கு இறங்குவதையே குறைபாட்டின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். மார்பு நோய் ஓபிக்கு இதுவே பொருத்தமானது.

பிராங்கியெக்டேசிஸ் உள்ள ஒரு சிறுவனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 7 வயதில் எடை 19.5 கிலோ, உயரம் 116.5 செ.மீ., பிஎம்ஐ 14.4. 8 வயதில் எடை 19.8 கிலோ, உயரம் 120 செ.மீ., பிஎம்ஐ 13.75. "300 கிராம் கூடியிருக்கிறான், பரவாயில்லை" என்று சீட்டை மடித்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு; 8 வயதுக்கான மைனஸ் 2 கோடு 13.3 என்பதால் வரைபடத்திலும் சிவப்புக்கோட்டுக்கு மேலேயே இருக்கிறான். ஆனால் இந்த வயதில் ஆண்டுக்கு 2 முதல் 3 கிலோ வரை ஏற வேண்டும். 5 முதல் 6 செ.மீ. வரை வளர வேண்டும். இவன் வளர்ந்தது 3.5 செ.மீ.தான். ஓராண்டில் அவன் பிஎம்ஐ மைனஸ் 1க்குச் சற்று மேலிருந்து சுமார் மைனஸ் 1.5க்கு இறங்கியிருக்கிறது. உயரக்கோடும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. இரண்டு புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

பிஎம்ஐயை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. உயரம் குன்றிய குழந்தையின் எடையை அதன் குறைந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும்போது விடை இயல்பாக வந்துவிடும். ஆண்டுக்கு நான்கைந்து முறை ஸ்டீராய்டு எடுத்த குழந்தைகளிடம் இது சாதாரணம். ஆகவே எடை, உயரம், பிஎம்ஐ மூன்றையும் குறிக்க வேண்டும். உயரம் குறைவாகத் தெரிந்தால் பெற்றோர் உயரத்தையும் கேளுங்கள்: இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண் குழந்தையானால் 13 செ.மீ. சேர்த்தும் பெண் குழந்தையானால் 13 செ.மீ. கழித்தும் இரண்டால் வகுத்தால், அக்குழந்தை எந்தக் கோட்டில் வளர வேண்டியது என்று ஏறக்குறையத் தெரியும். 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காத பெண்ணுக்கும், 14 வயதாகியும் பருவ மாற்றம் தொடங்காத ஆணுக்கும் ஊட்டக்குறைவு ஒரு காரணமா என்று பார்க்க வேண்டும்.

முதன்முறை வரும் குழந்தைக்குப் பழைய புள்ளிகள் இல்லையே என்று கைவிட வேண்டாம். தாய் சேய் நல அட்டை, தடுப்பூசிப் பதிவு, அங்கன்வாடியில் மாதந்தோறும் எழுதிய எடை, முன்பு அட்மிட் ஆன இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றில் நான்கைந்து எடைகள் கிடைத்துவிடும். துல்லியம் குறைந்திருந்தாலும் கோட்டின் போக்கைக் காட்ட அவை போதும்.

கேட்க வேண்டியவை

"நல்லா சாப்பிடுறானா?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் எதற்கும் உதவாது. நாள்பட்ட நோயுள்ள பிள்ளையின் தாய்க்கு அது தன்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டாகவே கேட்கும். "சாப்பிடுறான்" என்று முடித்துக்கொள்வார். மாறாக, "நேத்து காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் என்னென்ன உள்ள போச்சு, வரிசையா சொல்லுங்கம்மா, தண்ணி, டீ, பிஸ்கட்டு எதையும் விட்டுடாதீங்க" என்று தொடங்கினால் உண்மை நிலவரம் வெளிவரும். தட்டில் வைத்தது எவ்வளவு என்பதோடு, மீந்தது எவ்வளவு, அதை யார் சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். இரண்டு இட்லி என்று சொன்னது பெரும்பாலும் தட்டில் வைத்த கணக்காக இருக்கும்.

அடுத்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் குழந்தை மூச்சிரைப்பால் களைக்கிறது என்று பொருள் கொள்ளலாம். பால் குடிக்கும் குழந்தை இடையிடையே விட்டு விட்டுக் குடிக்கிறதா, நெற்றி வியர்க்கிறதா, உதடு கருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, முடிந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியபடியே ஒருமுறை பால் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஓய்வில் 95 காட்டும் குழந்தை பால் குடிக்கையில் 88க்கு இறங்குவது உண்டு. பிபிடி குழந்தைகளிடம் வீட்டு ஆக்சிஜனை அவசரமாக நிறுத்திய சில வாரங்களில் எடை ஏறாமல் நின்றுபோவதும் தெரிந்த விஷயமே. ஆக்சிஜன் எப்போது குறைக்கப்பட்டது என்ற தேதியையும் எடைக்கோட்டின் மேலேயே குறித்துவைத்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படும்.

இருமலோடு வரும் வாந்தி வாரத்தில் எத்தனை முறை, சாப்பிட்ட எவ்வளவு நேரத்துக்குள் என்று கேளுங்கள். நெஞ்சுத் தட்டல் சிகிச்சையும் நெபுலைசரும் எந்த நேரத்தில் நடக்கின்றன என்பதும் இதோடு சேர்ந்தது. சாப்பாடு முடிந்தவுடன் முதுகைத் தட்டிச் சளி எடுத்தால் சாப்பாடும் சேர்ந்து வெளியே வரும். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிவைப்பதே சில குழந்தைகளுக்குப் பாதி மருந்து.

நம்மூரில் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி பத்தியத்தைப் பற்றியது. சளி பிடிக்கும் என்று தயிர், மோர், வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை ஆகியவற்றையும், சளி கட்டும் என்று பாலையும், சூடு என்று முட்டையையும், இருமல் வரும் என்று எண்ணெய்ப் பதார்த்தங்களையும் வீட்டில் நிறுத்துகிறார்கள். நான்கு நாள் சளிக்கு நான்கு நாள் நிறுத்தினால் நட்டமில்லை. வருடம் முழுவதும் இருமும் குழந்தைக்கு அந்த நான்கு நாள் வருடம் முழுவதும் நீள்கிறது; மிஞ்சுவது ரசம் சோறும் இட்லியும் கஞ்சியும்தான். அதிக ஆற்றல் தேவைப்படும் குழந்தையின் தட்டிலிருந்து கொழுப்பும் புரதமும் இப்படித்தான் நழுவுகின்றன. "எதையெல்லாம் குடுக்கிறதில்லை?" என்று நேரடியாகக் கேட்டால் பட்டியல் வரும். அதைக் கேட்டு முகம் சுளித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். முடிவு செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பாட்டி என்பதால், அவரையும் ஓபிக்கு வரச்சொல்லிப் பேசுவது பலன் தரும்.

மலத்தைப் பற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குடன், வெளிறி, நாற்றமெடுத்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாத மலம், நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை, முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் தோல், காய்ந்த வியர்வை நெற்றியில் வெள்ளையாகப் படிவது ஆகியவை சேர்ந்திருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நினைவுக்கு வர வேண்டும். இந்தியாவில் இந்நோய் இல்லை என்ற பழைய எண்ணத்தால் வியர்வையின் உப்பளவைப் பார்க்கும் பரிசோதனைக்கே அனுப்பப்படாமல், காசநோய் என்றும் சாதாரண நிமோனியா என்றும் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் உண்டு.

மதிப்பெண் கருவிகளைப் பயன்படுத்துவது

அட்மிட் ஆகும் குழந்தைகளை 24 மணி நேரத்துக்குள் வடிகட்டச் சில எளிய கருவிகள் உள்ளன. நெதர்லாந்தில் உருவான ஸ்ட்ராங்கிட்ஸ் நான்கு கேள்விகள் கொண்டது: பார்வைக்கு மெலிந்திருந்தால் 1, ஆபத்து மிகுந்த அடிப்படை நோய் இருந்தால் 2, உணவு குறைந்தோ வாந்தி பேதி இருந்தோ வந்தால் 1, எடை குறைந்திருந்தாலோ ஏறாமல் இருந்தாலோ 1. மொத்தம் 4 அல்லது 5 வந்தால் அதிக ஆபத்து. 1 முதல் 3 வரை நடுத்தரம். ஆஸ்திரேலியாவில் உருவான பிஎன்எஸ்டி கருவி இன்னும் எளிது: அண்மையில் எடை குறைந்ததா, சில மாதங்களாக எடை சரியாக ஏறவில்லையா, சில வாரங்களாகக் குறைவாகச் சாப்பிடுகிறதா, பார்த்தாலே எடை மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ தெரிகிறதா என்ற நான்கில் இரண்டுக்கு ஆம் என்றால் டயட்டீஷியனிடம் அனுப்ப வேண்டும்.

ஸ்ட்ராங்கிட்ஸ் நோய்ப் பட்டியலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும், 2 வயது வரையிலான பிபிடியும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. பிராங்கியெக்டேசிஸ் அப்படி இடம்பெறவில்லை. பெயர் இல்லை என்பதற்காக 0 போடக் கூடாது. மருத்துவரின் முடிவுக்கு விடப்பட்ட இடத்தில் அதற்கும் 2 போடுவதே சரி. அப்படிப் போட்டால் மார்பு நோய் ஓபிக்கு வரும் எல்லாக் குழந்தைகளும் தொடக்கத்திலேயே நடுத்தர ஆபத்தில் நிற்பார்கள். யாரை முதலில் கவனிப்பது என்பது விளங்காது. ஆகையால் வார்டில் புதிதாக வரும் குழந்தைகளை வடிகட்ட இக்கருவிகள் போதுமானவை. ஓபியில் தொடர்ந்து வரும் குழந்தைக்கு வரைபடக்கோடும் கைச்சுற்றளவும்தான் நம்பகமானவை.

ரத்தப் பரிசோதனையில் தொடங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் குறைவு ஊட்டக்குறைவின் அளவுகோல் ஆகாது. தொற்றும் அழற்சியும் இருந்தாலே அது இறங்கும். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அழற்சியில் ஏறுவதால் இரும்புச்சத்துக் குறைவு மறைந்துபோகும். ஹீமோகுளோபின், வைட்டமின் டி போன்றவை குறைபாடு உறுதியான பின் சிகிச்சைக்காகப் பார்க்க வேண்டியவை.

கண்டறிந்த பின்

எடை ஏறாமல் நின்றது, இசட் ஸ்கோர் அரை எண் இறங்கியது, சாப்பாடு குறைந்தது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலே டயட்டீஷியனிடம் அனுப்பி, 2 முதல் 4 வாரத்துக்குள் திரும்ப வரச்சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. மைனஸ் 2க்குக் கீழ் போனாலோ ஒரு முழு இசட் ஸ்கோர் இறங்கினாலோ, நுரையீரல் நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றும் சேர்த்து ஆராய வேண்டும்: மறைந்திருக்கும் தொற்று, இரவு நேர ஆக்சிஜன் குறைவு, உணவு எதுக்களித்தல், விழுங்கும்போது புரையேறுதல் எதுவும் காரணமாகலாம். மைனஸ் 3க்குக் கீழே, கைச்சுற்றளவு சிவப்பில், இரு பாதத்திலும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். பல நாட்கள் சரியாக உண்ணாத குழந்தைக்கு ஒரேயடியாக நிறைய உணவூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், வீட்டிலேயே ஊட்டித் தேற்றச் சொல்லி அனுப்பக் கூடாது.

மூன்று மாதத்தில் தன் அதிகபட்ச எடையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் இழந்த குழந்தைக்கு, ஏற்கெனவே வேறு நுரையீரல் நோய் இருந்தாலும், காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். வழக்கமாக இருமும் குழந்தை என்பதால் புதிதாக வந்த காசநோய் இருமல் தனியாகத் தெரியாது. எடையிழப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்கலாம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளுக்கு இலக்கே வேறு. மைனஸ் 2க்கு மேல் இருப்பது அவர்களுக்குப் போதாது. 2 வயது நிறையும்போது நீளத்துக்கேற்ற எடையும், அதற்குப் பின் பிஎம்ஐயும் 50ஆவது சென்டைலிலோ (அதாவது நடு அளவிலோ) அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளையின் இலக்கு. அந்த அளவில் உள்ளவர்களின் நுரையீரல் செயல்பாடு மேம்பட்டிருப்பதே இதற்கு அடிப்படை. நம் கோடைகாலத்தில் இக்குழந்தைகள் வியர்வையில் உப்பை இழந்து, சோடியமும் பொட்டாசியமும் குறைந்து தளர்வார்கள். கைக்குழந்தைகளிடம் எடை ஏறாமல் நிற்பது மட்டுமே அதன் அடையாளமாக இருக்கலாம். ஆகவே மார்ச் முதல் ஜூன் வரை எடை நின்ற கைக்குழந்தைக்கு நொதி மாத்திரையைக் கூட்டும் முன் ரத்தத்தின் உப்பு அளவுகளைப் பார்க்க வேண்டும். 10 வயதுக்கு மேல் காரணமின்றி எடை இறங்கினால் இந்நோயோடு சேர்ந்து வரும் சர்க்கரை நோயையும் நினைக்க வேண்டும். அந்த வயதிலிருந்து ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பரிசோதிப்பது வழக்கம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பது வயதைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் ஆன பிபிடி குழந்தையை முதலில் வாரம் ஒருமுறையும், எடை சீராக ஏறத் தொடங்கியதும் மாதம் ஒருமுறையும் பார்க்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட மற்றவர்களை மாதந்தோறும், அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறை நோய் முற்றி அட்மிட் ஆகித் திரும்பிய பின்னும் 2 முதல் 4 வாரத்தில் ஒரு கூடுதல் எடை அவசியம். இழந்ததைக் குழந்தை திரும்பப் பிடித்துவிட்டதா என்பதை அதுதான் சொல்லும். நீர் பிரியும் மருந்து எடுக்கும் குழந்தையைத் தவிர மற்றவர்களை வீட்டில் தினமும் நிறுக்கத் தேவையில்லை. நூறு கிராம் ஏற்ற இறக்கத்தில் வீடே கலங்கும், சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகும். அங்கன்வாடியிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாதம் ஒருமுறை ஒரே மெஷினில் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த ஓபிக்கு அந்த நோட்டையும் கொண்டுவரச் சொன்னால் போதும்.